நம்பர் இல்லாத காசு

அந்தத் தெருவில் அவரைக் காசுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். உடனே வாயைப் பிளக்க வேண்டாம். காலரைத் திருப்பித் தைத்த சட்டை, ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை, அவ்வளவுதான் ஆள். நாணயச் சாலையில் அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர். பகலெல்லாம் காசு அடித்துத் தள்ளிவிட்டு, மாசக் கடைசியில் மளிகைக் கடை வாசலில் நின்று தலையைச் சொறிகிற மனுஷர். இந்தப் பட்டப்பெயரைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுச் சொந்தக்காரர் வாடகையை ஏற்றினார் என்று அவர் மனைவிக்கு இன்றுவரை சந்தேகம்.

"நீங்களே அடிக்கிறீங்க, உங்களுக்கு என்னங்க குறைச்சல்?" என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள். ஏதோ உலகத்திலேயே தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்ன மாதிரி சிரிப்பும் சிரிப்பார்கள். அவரும் கூடவே சிரித்து வைப்பார். இயந்திரச் சத்தத்தில் இடது காது போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பக்கம் நின்று யாராவது கேலி செய்தால் அவருக்கு விழாது. அந்த மட்டுக்கும் லாபம் என்பார்.

நாணயச் சாலையில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே போகிறவன் கையில் ஒரு காசுகூட இருக்கக் கூடாது. சொந்தக் காசானாலும் சரி, கடையில் மிச்சம் வாங்கிய காசானாலும் சரி. ஏனென்றால் திரும்பி வரும்போது எது அவன் காசு, எது அரசாங்கத்துக் காசு என்று யார் சொல்வது? அதனால் காசு அடிக்கிறவர்கள் எல்லாரும் தாளில்தான் பிழைப்பு நடத்துவார்கள். பஸ்ஸுக்குத் தாள், டீக்குத் தாள். மிச்சம் காசாகக் கொடுத்தால் "நீயே வெச்சுக்கப்பா" என்று விட்டுவிட்டு வருவார்கள். ஊரில் அவர்களுக்குத் தாராள மனசுக்காரர்கள் என்று ஒரு பெயர் இருந்தது. எல்லாம் வாசலுக்குப் பயந்துதான்.

உள்ளே போகும்போது காசு இருக்கா என்று கேட்பதோடு சரி; வாசல் என்றால் வெளியே வரும் வழியில் நிற்கிற இரும்புச் சட்டம். உடம்பில் குண்டூசி இருந்தாலும் ஊளையிடும். தொழிலாளர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் மாமியார். "இன்னிக்கு மாமியார் நல்ல மூடுல இருக்கா", "மாமியார் காரணமே இல்லாம கத்துறா" என்று சாயங்காலம் வரிசையில் நின்று பேசிக்கொள்வார்கள். மாமியாருக்குப் பயந்து சட்டைக்குப் பை கிடையாது, பெல்ட்டுக்குப் பதில் நாடா, காலில் ரப்பர் செருப்பு. கல்யாணமான புதிதில் மனைவி எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டாள். மாமியார் போட்ட கூச்சலில் மொத்த வரிசையும் சிரித்தது. அன்றைக்கு வாங்கியதுதான் நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அதற்குப் பின் எத்தனையோ டப்பா மாறியும் நீல மூடி மட்டும் மாறவில்லை.

மனைவிக்கு அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைக் கண்டாலே ஆகாது. தேய்த்தால் மின்னாது, அதுதான் காரணம். பாத்திரம் தேய்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு வெறி. அந்த வீட்டுத் தட்டைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். கதவுக் கைப்பிடி, குழாய்த் திருகு, அலமாரிப் பூட்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பல்பொடி போட்டுத் தேய்த்துத் தள்ளிவிடுவாள். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் இந்தத் தேய்ப்பு இன்னும் கூடியது. "என்னையும் ஒரு நாள் உட்கார வெச்சுத் தேச்சிடப் போறே" என்பார் அவர். "அழுக்கு போனா நல்லதுதானே" என்பாள்.

இப்படி ஒரு ஒழுங்கில் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் பாலக் காசு வந்து சேர்ந்தது.

ஊர் ஆற்றுப் பாலத்துக்கு நூறு வயதாகிறதாம். அதன் நினைவாக ஒரு புதுக் காசு. சும்மா பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிற நினைவுக் காசு இல்லை, கடையில் கொடுத்துச் சாமான் வாங்குகிற காசு. இனிமேல் பத்து ரூபாய்த் தாள் அச்சடிக்கப் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தாள் போய் அந்த இடத்துக்கு இந்தக் காசு வரும், இது நன்றாக ஓடினால் இருபதும் ஐம்பதும்கூடக் காசாகிவிடும் என்று மேலே பேசிக்கொண்டார்கள். நாணயச் சாலையில் எல்லார் முகத்திலும் ஒரு களை வந்தது. பின்னே? தாள் போனால் காசுக்குத்தானே ராஜ்யம்! கூடுதல் வேலை, கூடுதல் சம்பளம். காசுக்காரருக்கு ஓய்வு பெற இன்னும் சில வருஷம் இருந்தது. அதற்குள் கை நிறைய வாங்கி, பிற்பாடு பென்ஷனில் காலை நீட்டி உட்காரலாம் என்று மனக்கோட்டை கட்டினார். முதல் பாலக் காசு விழுந்ததே அவருடைய இயந்திரத்தில்தான். அந்தப் பெருமையில் சாய்ந்த நடை கொஞ்சம் நிமிர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

தெருவில் அந்தக் காசைக் குறைசொல்ல ஒருவர் இருந்தார். மளிகைக் கடைக்காரர். பருத்த ஆள், சத்தமான பேச்சு, ஆனால் மனசில் ஒன்றும் கிடையாது. காசுக்காரர் கடைக்குப் போனாலே இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை ஆரம்பித்துவிடும். அன்றைக்கும் ஆரம்பித்தது. மனைவி பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"தாளுன்னா மடிச்சு இடுப்புல செருகிக்கலாம். இதைக் கட்டிச் சுமக்க நான் என்ன கழுதையா?" என்றார் கடைக்காரர்.

"உங்க தாளோட லட்சணம் தெரியாதா? சட்டையோட துவைச்சா போச்சு. எலி கடிச்சா போச்சு. போன மாசம் எண்ணெய் டின்னுல விழுந்த தாளை வெயில்ல காய வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே, மறந்துபோச்சா?"

"எண்ணெய்ல விழுந்தாலும் அதுல நம்பர் இருந்துச்சு. பேங்க்காரன் நம்பரைப் பார்த்து மாத்திக் கொடுத்தான். உங்க காசுல என்ன இருக்கு?"

"நம்பர் இல்லாததுதான்யா காசுக்கு மரியாதை!" என்று காசுக்காரர் கையைத் தட்டிச் சொன்னார். "தாளைக் கொடுத்தா எங்கேர்ந்து வந்துச்சு, எவன்கிட்ட போச்சுன்னு நோண்டிக்கிட்டே இருக்கலாம். காசு அப்படியில்ல. யார் கையில இருக்கோ அவனோடது. எங்கேர்ந்து வந்தேன்னு அதை ஒருத்தன் கேட்க முடியாது."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காசுக்காரர் ஜெயித்துவிட்ட தோரணையில் வீட்டுக்கு நடந்தார். மனைவிக்கும் பெருமைதான். போகிற வழியில் அவர் சொன்னதை மட்டும் அவள் மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

"இத்தனை அடிச்சேன், ஒண்ணைக்கூட வெறும் கையில தொட்டதில்ல தெரியுமா? உள்ளே கையுறை, கண்ணாடி மூடி, சறுக்குக் குழாயில விழுந்து ஓடிப்போகுது. பாலத்துக்கு அடியில தண்ணி மாதிரி நெளிநெளியா கோடு போட்டிருக்கு. விரல் வெச்சுத் தடவிப் பார்க்கணும்னு ஆசை. நம்ம தெருவுக்கு எப்ப வருமோ!"

வயசான மனுஷன் மிட்டாய்க்கு ஆசைப்படுகிற மாதிரி அவர் சொன்னது அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

காசு வெளியே வந்து இரண்டு வாரம் இருக்கும். நாணயச் சாலையில் ஒரு விழா வைத்தார்கள். கோடிக் காசு அடித்து முடித்ததற்காம். பந்தல், ஒலிபெருக்கி, பெரிய அதிகாரி. "தாளின் காலம் முடிந்தது, நாணயத்தின் காலம் பிறந்தது" என்று அவர் முழங்கினார். எல்லாரும் கை வலிக்கத் தட்டினார்கள். மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். ஓசிச் சாப்பாடு கையில் இருக்கும்போது வீட்டு டப்பாவை யார் திறப்பார்கள்? காசுக்காரரும் திறக்கவில்லை. நீல மூடி டப்பா காலையில் எப்படி வந்ததோ அப்படியே பைக்குள் கிடந்தது.

சாயங்காலம் அவர் நடந்தார், மாமியார் அலறினாள்.

"செருப்புல ஆணி ஏதாவது குத்தியிருக்கா பாருங்கண்ணே" என்றான் வாசல் காவலன். அவர் கண்ணெதிரே வேலைக்குச் சேர்ந்தவன், மரியாதை தெரிந்தவன். செருப்பைக் கழற்றி, பையையும் கீழே வைத்துவிட்டு நடந்தார். சத்தமில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தார். மறுபடியும் அலறல். காவலன் சங்கடத்தோடு பைக்குள் கை விட்டு டப்பாவை எடுத்தான். மூடியைத் திறந்தான்.

சாப்பாட்டுக்கு மேலே ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு பாலக் காசு. அச்சிலிருந்து இப்போதுதான் விழுந்த மாதிரி தகதகவென்று மின்னியது.

இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்த நிமிஷத்தில் அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம். அட, எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று நினைத்தார். கையை நீட்டக்கூடச் செய்தார். காவலன் டப்பாவைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அப்போதுதான் அவருக்கு நிலைமை உறைத்தது.

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "எப்படி வந்துச்சு இது?"

"எனக்குத் தெரியாதுங்க."

"காலையில காசு இருக்கான்னு கேட்டோமே, இல்லைன்னு சொன்னீங்க?"

"இல்லைங்க. அதான் சொன்னேன்."

"அப்ப உள்ளே வரும்போது இல்ல, வெளியே போகும்போது இருக்கு. அப்படித்தானே?"

வரிசையில் நின்ற இத்தனை வருஷத்துச் சகாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். டப்பாவையும் கொடுக்கவில்லை.

வீட்டு வாசலிலேயே மனைவி காத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, டப்பாவைத் திறந்தீங்களா?"

அவர் அவளையே பார்த்தார்.

"கடைக்காரர் மிச்சம் கொடுத்தாருங்க நேத்து. உங்க பாலக் காசு! தொட்டுப் பார்க்கணும்னு சொன்னீங்கல்ல? மத்தியானம் திறந்ததும் அசந்துபோவீங்கன்னு நினைச்சேன். நாலு பேருக்குக் காட்டிட்டு வாசல்ல இருக்கிற தம்பிகிட்ட கொடுத்துட்டு வந்துடுவீங்கன்னு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஏங்க, டப்பா எங்கே?"

நடந்ததைக் கேட்டதும் அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சட்டம் அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் அது பைக்கும் மடிக்கும்தான், சாப்பாட்டுக்கு இல்லை என்று எப்படியோ நினைத்துவிட்டாள். நம்ம காசுதானே, கடையில் வாங்கினதுதானே என்று நினைத்துவிட்டாள். ஆச்சரியம் என்னவென்றால் அவருக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மூட்டம் விலகிவிட்டது. எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டதே!

"அட, இவ்வளவுதானே? அழாதே. விசாரணையில வந்து இதையே சொல்லு. கடைக்காரரும் சொல்லட்டும். முடிஞ்சுபோச்சு."

மறுநாள் காலை முதல் வேலையாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். வழக்கமான சத்தம் இல்லை. தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கொடுத்தேன். இல்லேன்னு சொல்லல. அக்காகிட்ட ஒரு பாலக் காசு கொடுத்தேன்."

"அதை வந்து சொல்லுங்க, போதும்."

"கொடுத்தேன்னு சொல்லலாம். ஆனா நான் கொடுத்த காசுதான் அதுன்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன சொல்ல? அக்கா அதைச் செலவு பண்ணிட்டு, நீங்க வேற ஒண்ணை..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் நினைக்கல. அவங்க நினைப்பாங்க. தாளா இருந்தா நம்பரைப் பார்த்து அடிச்சுச் சொல்வேன். காசை என்னன்னு சொல்றது? நீங்களே அன்னிக்குச் சொன்னீங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கடையில் காசுக்காரர் வாதத்தில் தோற்றார், அதுவும் தம் சொந்த வாயால்.

ஆனாலும் அவர் ஒரேயடியாக இடிந்துவிடவில்லை. அவருக்கு ஒரு விஷயம் தெரியும். அச்சிலிருந்து விழுந்த காசு சுத்தமான காசு, யார் கையும் படாதது. கடைக்குப் போன காசு அப்படி இருக்காது. வெளியே வந்து இரண்டு வாரத்தில் தேய்மானம் தெரியாது, சரி. ஆனால் அழுக்கு இருக்கும். எழுத்துக்கு நடுவே வியர்வைப் பிசுக்கு, மளிகைக் கடை எண்ணெய், மிளகாய்த் தூள், எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கிற சோதனை அறையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் காசைச் சோதித்துப் பாருங்கள் என்று அவரே மனுக் கொடுத்தார். தம் கழுத்துக்குத் தாமே கயிறு திரிக்கிறோம் என்று அந்த மனுஷருக்குத் தெரியுமா, என்ன!

"கவலைப்படாதே. என்கிட்ட ஒரு துருப்பு இருக்கு" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். என்ன துருப்பு என்று சொல்லவில்லை. இதெல்லாம் தொழில் சமாசாரம், அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தார். சொல்லித் தொலைத்திருந்தால் குறைந்தபட்சம் அந்த மனுவாவது போயிருக்காது. என்னத்தைச் சொல்ல.

விசாரணை நடந்த அறை சின்னது. ஒரு மேசை, மின்விசிறி, கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல். கண்ணாடி போட்ட அதிகாரி, பக்கத்தில் எழுதுகிறவர். எதிரே இரண்டு நாற்காலியில் புருஷனும் பெண்டாட்டியும். அதிகாரி கெட்டவர் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். வலது காதுப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். மனைவி நடந்ததைச் சொன்னாள். கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டையும் படித்தார்கள். "ஒரு பாலக் காசு கொடுத்தது உண்மை. அது இதுதானா என்று எனக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தார்.

"அன்னிக்குச் சாயங்காலம் இவர்கிட்ட கேட்டப்ப எப்படி வந்துச்சுன்னு தெரியாதுன்னு சொல்லியிருக்கார்" என்றார் அதிகாரி.

"அப்ப எனக்குத் தெரியாதுங்க. வீட்டுக்குப் போனப்புறம்தான் இவ சொன்னா."

"வீட்டுக்குப் போனப்புறம்" என்று அதிகாரி மெல்லத் திருப்பிச் சொன்னார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார்.

"ஐயா, அந்தக் காசைச் சோதிக்கச் சொல்லியிருந்தேன்" என்றார் காசுக்காரர். "கடைக்குப் போன காசுல கை அழுக்கு இருக்கும். அதைப் பார்த்தாலே எல்லாம் தெரிஞ்சுடும்."

பக்கத்தில் மனைவியின் வளையல் சத்தம் கேட்டது. அவள் அவர் கையைப் பிடித்திருந்தாள். எதற்குப் பிடிக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

அதிகாரி ஒரு தாளை எடுத்தார். "சோதிச்சாங்க. எண்ணெய் இல்ல, வியர்வை இல்ல, தூசி இல்ல. எழுத்து இடுக்குல, விளிம்புல, எங்கேயும் ஒண்ணும் இல்ல. புழக்கத்துக்குப் போன அடையாளமே இல்லைன்னு எழுதியிருக்காங்க."

"இருக்காதுங்க. அப்படி இருக்கவே முடியாது. கடையில..."

"நான்தாங்க தேச்சேன்."

அவள் சொன்னது அவருடைய இடது பக்கத்திலிருந்து. அவருக்குக் கேட்கவில்லை. அதிகாரியின் முகத்தைப் பார்த்துத்தான் திரும்பினார்.

"நான்தான் தேச்சேன். கடையிலேர்ந்து வந்தப்ப ஒரே பிசுக்கா இருந்துச்சு. மிளகாய்ப்பொடி வாசனை. நீங்க அடிச்ச காசு. முத முதல்ல உங்க கைக்கு வருது, அதைப் போய் அழுக்கோடயா கொடுக்கிறது? பல்பொடி போட்டு, பழைய பிரஷ்ஷை வெச்சு, இடுக்கெல்லாம் தேச்சேன். சுடுதண்ணியில கழுவினேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஏளனச் சிரிப்பாக இருந்திருந்தால்கூடத் தேவலை. இரக்கச் சிரிப்பு.

"எது கேட்டாலும் உங்ககிட்ட பதில் இருக்கும்மா. புருஷனைக் காப்பாத்தணும்னு நினைக்கிறீங்க, புரியுது. நல்ல மனைவிதான்."

"சத்தியமாங்க! என் மக மேல சத்தியம்!"

"சரிம்மா. கொஞ்சம் வெளியே உட்காருங்க."

அவள் போனதும் அதிகாரி குரலைத் தாழ்த்தி, பிறகு காது விஷயம் ஞாபகம் வந்து உயர்த்திப் பேசினார். ஆசையில் எடுத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்து வேலையை விட்டுவிட்டால் சேர வேண்டியதைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். பென்ஷன் மட்டும் கிடையாது. இல்லை, நான் எடுக்கவே இல்லை என்று நின்றால் விஷயம் போலீசுக்குப் போகும். போலீஸ் வீட்டுக்கு வரும். அந்த அம்மாவையும் கூப்பிடும், பொய் சாட்சி சொன்னதாக.

"ஒரே ஒரு காசுங்க" என்றார் காசுக்காரர்.

"அதான் எங்களுக்கும் கஷ்டமா இருக்கு. ஆனா ஒண்ணுக்கும் ஒரு மூட்டைக்கும் சட்டம் ஒண்ணுதான்."

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். வெளியே பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். முந்தானை நுனியை எடுத்துப் பெஞ்சின் இரும்புக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், தேய்க்கிறோம் என்று தெரியாமலே. அவர் பேனாவை வாங்கினார். செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மானம் போகட்டும், அவளைப் போலீஸ் பெஞ்சில் உட்கார வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கூட வேலை பார்த்தவன் ஒருவன் வழியில் பார்த்து, "ஒண்ணே ஒண்ணுக்கா மாட்டினே? எடுத்ததுதான் எடுத்தே, நாலு படி அள்ளியிருக்கக் கூடாதா?" என்று முதுகில் தட்டினான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான், அதுதான் கொடுமை. வேறு ஊரிலிருந்து மகள் பேசினாள். மாமியார் வீட்டில் இருந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, நிஜமாவே எடுக்கலையாப்பா?" எடுக்கலை என்று சொன்னார். "சரிப்பா" என்றாள். அந்தச் சரிப்பாவில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க அவருக்கு இன்னொரு காதும் வேண்டியிருந்தது. மளிகைக் கடைக்காரர் மட்டும், அவர் கடைப் பக்கம் போனால் ஏதோ வேலை இருக்கிற மாதிரி உள்ளே போய்விடுவார். நல்ல மனுஷர்களுக்குத்தான் இப்படி ஓடி ஒளிய வேண்டிவருகிறது.

இதற்குள் பாலக் காசுக்கும் கெட்ட காலம் பிறந்துவிட்டது. அது செல்லாதாம், கள்ளக் காசு கலந்துவிட்டதாம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். யார் கிளப்பியது, எங்கே கிளம்பியது, ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் வாங்க மாட்டேன் என்றார்கள், கடைகளில் பலகை மாட்டினார்கள். செல்லும், செல்லும் என்று அரசாங்கம் தொண்டை கிழியக் கத்தியும் பலனில்லை. ஜனங்கள் கிழிந்த பத்துத் தாளை ஒட்டுப்போட்டு வாங்கினார்களே தவிர, புதுக் காசைக் கையால் தொடவில்லை. வங்கியிலும் நாணயச் சாலையிலும் மூட்டை மூட்டையாகத் தேங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கணக்கு முடிக்க வரச் சொல்லி ஆள் வந்தது. காசுக்காரர் போனார். காசாளர் தலையை நிமிர்த்தாமல் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். பெரிய தொகைக்குத் தாள் கொடுத்தார். அதன் பிறகு குனிந்து, முத்திரை போட்டுக் கட்டிய ஒரு துணிப் பையை இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்தார். மேசை அதிர்ந்தது.

"இது என்னங்க?"

"மிச்சம். எல்லாப் பட்டுவாடாவுலயும் ஒரு பங்கு பாலக் காசாத்தான் கொடுக்கணும்னு உத்தரவு. எனக்கும் சம்பளத்துல கொடுத்திருக்காங்க. எங்கே போய்க் கொட்டறதுன்னு தெரியல."

"இதை எப்படிங்க நான் வாசல் வழியா..."

"சீட்டு தரேன், காட்டிட்டுப் போங்க."

போகிற நேரத்தில் ஏதோ ஞாபகம் வந்து கேட்டார்: "அந்தக் காசு என்னங்க ஆச்சு? என் டப்பாவுல இருந்தது?"

"அதுவா? மீட்ட காசுன்னு கணக்குல சேர்த்துட்டாங்க. இருப்புல போட்டாச்சு."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வலது பக்கம் இழுத்ததில் சாய்ந்த நடை நேராகிவிட்டது. மாமியாரிடம் வந்தார். பாவி, அப்படியா அலறுவாள்! கட்டடமே அதிர்கிற மாதிரி கூச்சல். பழக்க தோஷத்தில் அவர் நின்று இரண்டு கையையும் தூக்கினார். பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அதே காவலன் ஓடிவந்து பையைத் தூக்கி அவர் தோளில் வைத்தான். "நீங்க போங்கண்ணே. சீட்டு இருக்கில்ல?"

"இருக்குப்பா. நீ திறந்து பார்க்கலையா?"

"எதுக்குண்ணே, சீட்டு இருக்கே" என்றான். அவர் கண்ணைப் பார்க்காமல் வாசல் கதவைத் திறந்துவிட்டான்.

வழியில் மளிகைக் கடை. "பாலக் காசு வாங்கப்படாது" என்று பலகை. எழுத்துக்கூடக் கடைக்காரருடையதுதான். அரிசி வாங்க வேண்டியிருந்தது. அவர் படியேறவில்லை. கடைக்காரர் இந்தத் தடவை உள்ளே ஓடவில்லை, வெளியே வந்து நின்றார். "தாளாக் கொண்டுவாங்க காசுக்காரரே, இல்லேன்னா பிறகு கொடுங்க. இதை மட்டும் கொடுத்துடாதீங்க. யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்று கெஞ்சினார். காசுக்காரருக்குக் கோபம்கூட வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி அடுப்படியில் இருந்தாள். இப்போதெல்லாம் அவள் பாத்திரத்தைத் தண்ணீர் விட்டு அலம்பி வைப்பதோடு சரி. தட்டில் முகம் தெரிவதில்லை. கதவுக் கைப்பிடியில் பச்சை பூத்திருந்தது. பல்பொடி டப்பா ஜன்னலில் மூடியபடி கிடந்தது, பல் தேய்க்கக்கூட அவள் வேறு வாங்கிக்கொண்டாள். அவர் பையைக் கீழே வைத்தார். அவள் வந்து முத்திரையை அறுத்து உள்ளே பார்த்தாள்.

"எல்லாம் அந்தக் காசா?"

"அந்தக் காசுதான். இதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது, பத்திரமா வெச்சுக்க வேண்டியதுதான். டப்பாவுல இருந்ததையும் இருப்புல போட்டுட்டாங்களாம்."

அவள் பையைக் கவிழ்த்தாள். தரை முழுக்கப் பாலம் பாலமாக உருண்டது. அவளுடைய கை அதற்குள் போய் அளைந்தது. ஒன்றை எடுத்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"என்ன தேடுறே?"

"நான் தேச்ச காசு. இருப்புல போட்டுட்டாங்கன்னீங்களே. இதுக்குள்ள வந்திருக்குமோ என்னவோ. வந்திருந்தா எடுத்துக்கிட்டுப் போய்க் காட்டலாமேங்க. தேச்ச தடம் இருக்கும், எனக்குத் தெரியும், பார்த்தா நான் சொல்லிடுவேன்."

அவர் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு காசை எடுத்து வெறும் விரலால் தடவினார். பாலத்துக்கு அடியில் நெளிநெளியாகத் தண்ணீர், அவர் நினைத்தபடியேதான் இருந்தது. அவள் அழுதுகொண்டே ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாமே ஒரே மாதிரி பளபளன்னு இருக்குங்க" என்றாள்.